சத்தம் வராத பட்டன்

பங்குனி வெயிலில்தான் தண்ணீருக்குப் போர்வெல் போடுகிறவர்களுக்கு வேலை தலைக்குமேல் இருக்கும். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் எல்லாம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியோடு போன ஆட்கள் அங்கே மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார்கள். என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் மட்டும் நடுப் பங்குனியில் ஆட்டையாம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். தோளில் பையோடு வீட்டுக்குள் நுழைந்து, இனி வண்டிக்குப் போகப்போவதில்லை என்றார். ஏன் என்று கேட்டால் போதும் என்று தோன்றிவிட்டதாம். இருபது வருடம் தோன்றாதது இப்போது என்ன தோன்றியது என்று நானும் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மனிதர் வாயைத் திறக்கவில்லை.

மகள் சௌந்தர்யா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவர் சம்பளம் நின்றால் வீட்டுக்கு என் தையல் மெஷினை விட்டால் வேறு கதி இல்லை. அந்த மெஷினுக்கு நல்ல காலம் வரும்போல இருந்த நேரம் அது. சேலம் தஸ்லீம் அக்கா முதல்முறையாக ஒரு பெரிய வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். முகூர்த்த வீட்டுக்காரர்கள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பைகளைத் தைக்கக் கொடுத்து வாங்கி விற்கிறவர் அவர். அதுவரை எனக்குச் சாதாரண மஞ்சப்பைதான் கொடுத்திருந்தார். இந்தத் தடவை பூப்போட்ட துணியில், உள்ளே லைனிங் வைத்து, மேலே மூடி வைத்து, மூடிக்கு மேக்னெட் பட்டன் வைத்த கைப்பை. துணியை அவரே வெட்டிக் கொடுத்துவிட்டார். அதே அச்சில் இன்னொரு முழம் வேண்டுமென்றால் கிடைக்காது. இது சுத்தமாக வந்தால் இனி மாதாமாதம் எனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்.

மேக்னெட் பட்டன் பார்க்கத்தான் லட்சணமாக இருக்கும். வைப்பதற்குள் உயிரை வாங்கிவிடும். இரண்டு வட்டம். ஒன்றில் காந்தம், இன்னொன்று வெறும் தகடு. இரண்டுக்கும் பின்னால் மெல்லிசாக இரண்டு கால் இருக்கும். துணியில் அந்தக் காலுக்கு மட்டும் சின்னக் கீறல் போட வேண்டும். நூல் அளவு அதிகமானாலும் துணி பிரிந்துவிடும். பின்பக்கம் கெட்டித் துணி ஒன்றை ஒட்டுக் கொடுத்து, காலை நுழைத்து, வாசரைப் போட்டு, குறடால் காலை மடக்க வேண்டும். ஒருதரம் மடக்கினால் மடக்கினதுதான். நிமிர்த்தி மறுபடி மடக்கினால் ஒடிந்து கையோடு வந்துவிடும். இதையெல்லாம் லைனிங் மூடுவதற்கு முன்னாலேயே செய்தாக வேண்டும்.

இந்த வேலைக்குத்தான் அவர் ஒத்தாசைக்கு வந்தார். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். நானும் நல்லதாகப் போயிற்று என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கீறல் எங்கே, கால் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் எல்லாம் காட்டி, கடைசியாக மூடிப் பார்க்கும்போது டக்கென்று சத்தம் வரவேண்டும், வந்தால் சரி என்றேன். நன்றாகத் தலையாட்டினார்.

முதல் நாள் குறடு அவருக்குப் பிடிக்கவில்லை. சுத்தியல் எடுத்து வந்தார். தரையில் கல்லை வைத்து, அதன்மேல் பட்டனை வைத்து, போர்க்குழியில் ராடு இறக்குகிற வேகத்தில் ஒரு போடு. காந்தம் மூன்று துண்டு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சுத்தியலை வாங்கி உள்ளே வைத்தேன். அடுத்த நாள் குறடால்தான் செய்தார், ஒழுங்காகவும் செய்தார். ஆனால் செய்ததை மூடிப் பார்ப்பார், திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். பிறகு காலை நிமிர்த்திப் பட்டனைக் கழற்றிவிடுவார். கேட்டால் சத்தம் வரவில்லை என்பார்.

நான் வாங்கி மூடினால் டக்கென்று தெரு வரைக்கும் கேட்கும். இதென்ன, சத்தம் இல்லையா என்பேன். என் முகத்தைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், அடுத்ததை எடுத்துக்கொள்வார். நக்கல் செய்கிறாரோ என்றுதான் நினைத்தேன். இத்தனை நாள் ஊர் ஊராகப் பெரிய இரும்போடு மல்லுக்கட்டிய ஆளுக்குப் பொம்பளை வேலை இளக்காரமாகத்தான் தெரியும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அவர் கழற்றிய இடமெல்லாம் துணி கிழிந்து பல்லிளித்தது. சேலத்துக்குப் போய் வேறு பட்டன் வாங்கி வந்தார். பழையதில் சரியான பிடி இல்லையாம். அந்தப் பட்டன் பிடித்த பிடியில் பையைத் திறக்க இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. இழுத்தால் பட்டன் அங்கேயே இருந்தது, துணிதான் கிழிந்து வந்தது. கல்யாண வீட்டுக்கு வருகிற கிழவிகள் வெற்றிலை பாக்கை எடுப்பதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். இனி என் பைகள் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பைகள் தைத்த அந்த இரண்டு வாரமும் மெஷினை மிதித்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன். மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறாரே, பெற்ற பிள்ளையிடம் பேசக்கூட அலுப்பா என்றேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே கிடக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து அணைத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு பதில் வரவேண்டுமே. இவ்வளவு திட்டியும் ரோஷம் வராத மனிதன் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஒருவழியாகப் பைகள் முடிந்தன. அவர் கெடுத்தது போக மிச்சம் இருந்தவை நன்றாகவே வந்திருந்தன. கெட்டது கொஞ்சம்தான், அக்காவிடம் எப்படியாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டு நாளில் அக்கா வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் உறவில் ஒரு சீர் விசேஷம். போகாமல் இருந்தால் பேச்சு வரும் என்று பைகளை அடுக்கி வேட்டி போட்டு மூடிவிட்டுக் காலையில் பஸ் ஏறினேன்.

பொழுது இறங்கும்போது வீட்டுக்கு வந்தால், முன்கூடமான ஆசாரத்தில் பைகளின் நடுவே உட்கார்ந்திருக்கிறார். கையில் பிளேடு. பாதிக்கு மேல் பைகளின் லைனிங் பிரிந்து கிடக்கிறது. நான் மடக்கிய கால்களை நிமிர்த்திப் பட்டன்களை ஒரு தட்டில் குவித்து வைத்திருக்கிறார். ஒடிந்த கால்கள் இன்னொரு தட்டில். பூப்போட்ட துணியெல்லாம் ஓட்டை.

வாசலில் நின்றபடியே கத்தினேன். அதற்குத்தான் நிமிர்ந்தார்.

“எதுலயும் சத்தம் வரல நர்மதா. ஒவ்வொண்ணா மூடிப் பாத்தன். அந்தம்மா திருப்பி அனுப்பிச்சா உனக்குத்தான கேவலம். அதான் பிரிச்சு வேற வெச்சரலாம்னு” என்றார். குரலில் நக்கல் எதுவும் இல்லை. நல்ல காரியம் செய்கிற நினைப்புதான் இருந்தது. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

சொல்லிவிட்டுக் குனிந்து நூல் பிசிறைப் பொறுக்க ஆரம்பித்தார். பிரிக்காமல் விட்டிருந்த பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். இது கேட்கவில்லையா என்று வலது காதோரம் வைத்து மூடினேன். டக். திறந்து மறுபடி மூடினேன். டக். மனிதர் பிசிறு பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு ஈ வந்திருந்தால்கூடத் தலையை ஆட்டியிருப்பார். இடது காதுக்கு மாற்றினேன். டக், டக், டக் என்று கை வலிக்கிற வரைக்கும் அடித்தேன். என் நிழல் தரையில் ஆடுவதைப் பார்த்துத்தான் திரும்பினார்.

“என்ன புள்ள?” என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். காது கேட்கவில்லையா என்று சாதாரணக் குரலில் கேட்டேன். அவர் கண் என் வாயிலேயே இருந்தது. இத்தனை நாளும் அவர் என் முகத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், வாயைத்தான் பார்த்திருக்கிறார். எதிரில் நின்று கத்தினால் ஏதோ கேட்கிறது, விசில், டக் மாதிரிச் சத்தம் எதுவும் வருவதில்லை என்றார். பட்டன் இழுப்பது கைக்காவது தெரியவில்லையா என்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ராடு பிடித்துப் பிடித்து மரத்துப்போன கை. ஊசி குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம்.

இரண்டு வருடமாகவே இப்படி என்றார். கம்ப்ரசர் ஓடும்போது அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. வாயசைவும் கைஜாடையும்தான். அதனால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போன மாதம் பைப் லாரி பின்னால் வந்து ஹார்ன் அடித்திருக்கிறது. இவர் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்த ஆள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் சக்கரத்துக்குள் போயிருப்பார். உன் பெண்டாட்டிக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று ஓனர் அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?” என்றேன்.

“சொன்னா நீ கத்திக் கத்திப் பேசுவ. பக்கத்து ஊட்டுக்கெல்லாம் தெரிஞ்சு போகும். அப்பறம் இந்த ஊர்ல எவன் வேல குடுப்பான்?”

இந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருடம் மறைத்த கோபம், சக்கரத்துக்குள் போயிருப்பேன் என்று சாவகாசமாகச் சொல்கிற கோபம், பைகளின் கோபம். எல்லாவற்றையும்விட, இந்த இரண்டு வாரமும் நான் தொண்டை கிழியப் போட்ட சண்டையில் எதிராளியே இல்லை என்கிற கோபம். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மறுநாள் தஸ்லீம் அக்கா வந்தார். நல்ல பைகளைத் தனியாக வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இதையெல்லாம் யார் செய்தது என்றார். என் வீட்டுக்காரர் கதவோரம் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவள் நான். ஆனால் அப்போது அவர் பெயரைச் சொன்னால் காது விஷயமும் வெளிவரும், பேச்சு சேலம் போய் அங்கிருந்து ஊருக்கே திரும்பி வரும்.

“நான்தானுங்க அக்கா. அவசரத்துல பண்ணீட்டனுங்க” என்றேன்.

அக்கா சத்தம் போட்டிருந்தால் தேவலாம். “உன் வேலை சுத்தமா இருக்கும்னு நம்பித்தானே குடுத்தேன் நர்மதா. கல்யாண வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். பள்ளிபாளையத்தில் ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், இனி வருவதை அவளிடம் கொடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். நல்ல பைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரை என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ பண்ணுனதாச் சொல்லிட்ட. வாயப் பாத்தன்” என்றார்.

தலையாட்டினேன்.

“மாசாமாசம் தர்றன்னு சொன்னது?”

அக்கா அவருக்கு முதுகு காட்டித்தான் நின்றிருந்தார். அக்கா சொன்னது எதுவும் இவருக்குத் தெரிந்திருக்காது. வரும் என்று நான் சொன்னால் வரும் என்றுதான் நம்புவார். இனி எதைச் சொன்னாலும் நம்ப வேண்டிய இடத்தில்தான் இருக்கிறார். வருமுங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“இல்லீங்க. போச்சு. நீங்க பிரிச்சதுலதான் போச்சு” என்றேன். அவர் பார்க்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னேன்.

அவர் தரையில் கிடந்த ஓட்டைப் பை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

“இத்தன நாளா மெஷின்ல உக்காந்துட்டு என்னமோ சொல்லிட்டே இருந்த. என்னன்னு தெரியில. கேக்கவும் பயமா இருந்துச்சு. இப்பச் சொல்லு” என்றார்.

“அதெல்லாம் திட்டுங்க” என்றேன்.

“இருக்கட்டும். மெதுவாச் சொல்லு. ஒண்ணும் உட்டுப்போடாத.”

ஸ்டூலை இழுத்து, முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து திட்ட ஆரம்பித்தேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஒன்று புரியாமல், அதை மறுபடி சொல்லு என்று கேட்டார்.