ஆறாவது பாட்டில் இறந்தவர்

நான் செத்துப்போன செய்தியை என் மகளின் இசைத்தட்டில்தான் கேட்டேன். ஆறாவது பாட்டில், பெப்ரவரி மாதத்தில், நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் கடலில். அந்த நேரம் நான் ஒஸ்லோவில், ஹவுகெட்டோவில் என் வீட்டுச் சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மகளின் பெயர் ஹம்சத்வனி. முப்பத்தாறு வயது. நோர்வீஜிய மொழியில் பாடுகிறாள். நாட்டுப்புறப் பாட்டும் அமெரிக்கக் கன்ட்ரி இசையும் கலந்த வகையாம். மடியில் கிடத்தி வாசிக்கும் ஒரு கிட்டார் பின்னால் அழுதுகொண்டே இருக்கும். நம்முடைய ஒப்பாரியே இதைவிட விறுவிறுப்பு. ஆனால் பத்திரிகைக்காரர்கள் மெச்சினார்கள். பனி பாடினால் இப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பனி பாடாது. ஆறு வருஷம் அதற்குள் நின்றவன் சொல்கிறேன்.

எனக்கு ஒரு பக்கத்தொழில் உண்டு. ஒஸ்லோத் தமிழர் யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை நான்தான் எழுதுவேன். பிறந்த ஊர், வந்த பயணம், செய்த வேலை, குணநலன், இறந்த விதம், மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல். இருக்கும்போது பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காத மகன், 'தெய்வமே' என்று தொடங்கச் சொல்லுவான். நானும் கூசாமல் எழுதிக் கொடுப்பேன்.

அதனால் இரண்டாம் தரம் கேட்டபோது பிடிபட்டது. முதல் பாட்டு ஊர். இரண்டாவது பயணம். மூன்றும் நான்கும் ஐந்தும் மீன் தொழிற்சாலை. ஆறில் சாவு. ஏழில் மனைவி அழுகிறாள், எட்டில் மகள். குத்துக்கல்லுப்போல் இருக்கிற தகப்பனுக்குக் கல்வெட்டுப் பாடியிருக்கிறாள். அதிலும் குணநலன் பாட்டை மட்டும் காணவில்லை.

என் மனைவி யோகராணி பயந்துபோய், அடுத்த நாளே அம்மெரூட் முருகன் கோயிலில் என் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்தாள். எனக்குப் பயமில்லை, கோபம்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் மனதில் நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வெளியீட்டுக் கச்சேரிக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகளோடு வந்தாள். சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"ஏன் பிள்ளை என்னைச் சாகடிச்சனீ?"

கலை, கற்பனை என்று ஏதாவது சொல்லுவாள், நன்றாகத் திட்டலாம் என்று காத்திருந்தேன். அவள் கதிரையில் இருந்து, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கதைத்தாள்.

"அது நீங்கள் இல்லை அப்பா. எனக்கு மூண்டு வயசில ஒரு அப்பா இருந்தவர். தோளில வைச்சுக்கொண்டு, ஸ்டேஷன் படியெல்லாம் பாடிக்கொண்டு இறங்குவார். அவர் ஹம்மர்பெஸ்டுக்குப் போனவர். ஒன்பது வயசில வந்தது வேற ஆள். நல்ல ஆள்தான். பள்ளிக்கூட லெக்ஸெ, வீட்டுப்பாடம் எல்லாம் சொல்லித் தருவார். ஆனா பாடமாட்டார்."

நான் பாடினேனா என்று யோகராணியைப் பார்த்தேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவள் எழுந்து குசினிக்குள் போனாள்.

எனக்கு அது நினைவில்லை. தோள் நினைவில்லை, படி நினைவில்லை, ஒரு பாட்டின் ஓரடிகூட வரவில்லை. தம்பிமார் மூன்று பேரையும் ஊரிலிருந்து எடுப்பிக்கக் காசு சேர்க்கத்தான் வடக்கே போனேன். யோகராணிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை, அதனால் தாயும் மகளும் ஒஸ்லோவில் நின்றார்கள். விடியாத மாதங்களில் குளிரறையில் மீன் வெட்டினேன். பக்கத்தில் நின்றவனோடும் கதைக்காமல் இருக்கப் பழகினேன். தம்பிமார் மூவரும் வந்து குடும்பமாக நன்றாக இருக்கிறார்கள். போனதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அன்றைக்குத்தான் வருந்தினேன்.

"அவர் இனி வரமாட்டாரோ?" என்று கேட்டேன்.

"எட்டுப் பாட்டிலயும் தேடினனான் அப்பா. காணேல்லை."

நுழைவுச்சீட்டுகளை மேசையில் வைத்தாள். விருப்பமென்றால் வரச்சொன்னாள், கட்டாயமில்லை என்றும் சொன்னாள்.

தாலி கழுத்தில் இருக்கப் புருஷனின் செத்தவீட்டுக்குப் போகமுடியாது என்று யோகராணி மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் தனியாகப் போனேன். பழைய தேவாலயம் ஒன்றில் கச்சேரி. கறுப்புக் கம்பளிச் சட்டைகளோடு நோர்வீஜியர்கள் இருமாமல் இருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு நீண்ட மர வாங்கில் இருந்தேன்.

ஆறாவது பாட்டு வந்தது. நடுவில் வாத்தியங்கள் நின்றுவிட, சொல் இல்லாமல் ஒரு மெட்டை மட்டும் அவள் முனகினாள். படியிறங்கும்போது அவர் பாடிய மெட்டாக இருக்கவேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு அது முன்பின் தெரியாத மெட்டு. தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இப்படிப் பாடிய மனுஷன் செத்துப்போனானே என்று நெஞ்சு வெடித்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் விம்மி அழுதேன்.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு கடதாசிக் கைக்குட்டையை என் கையில் வைத்தாள். பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டும்போது என் பக்கம் சாய்ந்து, இந்தப் பிள்ளையின் அப்பாவை உங்களுக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும்," என்றேன். "கொஞ்சக் காலம்தான்."