உறை கிழியும் முன்

என் அக்கா புருஷன் பக்கீசியோ அன்று காலை ஈரச் சாக்கு போட்டு மூடிய கூடையோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மேசைமேல் அதைப் பட்டென்று வைத்துவிட்டுக் கடல்நீர் சொட்டச் சொட்ட நின்றார்.

“இந்தா கொழுந்தியா. என் குகையைச் சுத்தமா துடைச்சு எடுத்துட்டு வந்துட்டேன். இனி நீயாச்சு, உன் ஊசியாச்சு.”

சாக்கை விலக்கிப் பார்த்தேன். கடல் முள்ளெலிகள். கருஊதா நிறத்தில், முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு கை கொள்ளுமளவுதான் இருந்தன. இதே மனிதர் ஒரு காலத்தில் குளிர்காலம் பிறந்தால் படகு தாழத் தாழ முள்ளெலி கொண்டுவருவார். அதன் ஆரஞ்சு நிறச் சினையை வழித்துத் தின்பதற்காகவே கால்யாரி நகரத்திலிருந்து கார் கட்டிக்கொண்டு வருவார்கள். தின்றோம், விற்றோம், திருடினோம். போதாததற்குக் கடலும் சூடாயிற்று. அரசாங்கம் பிடிக்கத் தடை போட்டபோது எங்கள் வளைகுடாவில் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. பக்கீசியோவின் ஒற்றைக் குகையில் மட்டும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தைத்தான் அவரை நச்சரித்து நச்சரித்து வாங்கியிருந்தேன். இவற்றின் குஞ்சுகளை வளர்த்து அதே பாறையில் கொண்டுபோய் விடுவதாக எங்கள் அம்மா மேல் சத்தியம் செய்திருந்தேன்.

“பிழைக்குமா?” என்றார்.

“குஞ்சு பிழைக்கும். இதுங்க சந்தேகம்தான், அத்தான். ஊசி போட்டா உள்ள இருக்கறதை எல்லாம் கொட்டிடும். அப்புறம் இந்தச் சூட்டுல தாங்கறது கஷ்டம்.”

“அது சரி. பெத்தவங்க கதி எங்கயும் அதானே.”

ஊசி போட்டேன். பெண் முள்ளெலிகள் ஆரஞ்சு முட்டைகளைக் கசியவிட்டன, ஆண் முள்ளெலிகள் பால்போல் ஒரு சொட்டு விட்டன. இரண்டையும் குளிர்ந்த கடல்நீரில் சேர்த்துக் கலக்கிவிட்டேன். பக்கீசியோ எட்டிப் பார்த்தார்.

“அவ்வளவுதானா கல்யாணம்? பாதிரி இல்ல, பாட்டு இல்ல.”

“பாதிரியைக் கூப்பிட்டா அவர் சினையைத் தின்னுட்டுப் போயிடுவார். கையைத் துடைச்சுட்டு உக்காருங்க.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூடு பட்டால் உடம்பிலுள்ள புரதங்கள் முட்டையின் வெள்ளைக்கரு வேகிறதுபோல உருக்குலைந்து போகும். அப்படிப் போகாமல் தாங்கிப் பிடிக்கவே உயிர்கள் ஒரு காவல் புரதத்தைச் செய்துகொள்கின்றன. வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று அதற்குப் பெயர். அதன் தடயம் முதலில் தென்பட்டது எங்கள் இத்தாலியில்தான். பழ ஈப் புழுக்கள் இருந்த பெட்டியில் யாரோ தவறுதலாகச் சூட்டை ஏற்றி வைத்ததால் தென்பட்டது. அளவாகச் சூடு காட்டி எடுத்தால் உடம்பு இந்தக் காவலைச் சேர்த்துக்கொள்ளும், பின்னால் வரும் சூட்டையும் தாங்கும். ஆனால் முள்ளெலிக் கருவுக்கு முதல் சில மணி நேரம் இந்த வித்தை தெரியாது. கண்ணாடிபோன்ற மெல்லிய உறைக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்துகொண்டிருக்கும். உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் காவலைச் செய்யக் கற்கும். வெளியே வந்தபின் அதைக் காப்பாற்றும் அதே சூடு, உறைக்குள் இருக்கும்போது பட்டால் கொன்றுவிடும்.

மறுநாள் ஷிரோக்கோ என்னும் தெற்குக் காற்று வீசும், ஒரு வாரம் நிற்காது என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தெற்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டாடுகிறவர்கள் எங்கேயாவது இருக்கலாம். எங்கள் சார்தீனியாத் தீவுக்கு அது ஆப்பிரிக்க மணலைச் சுமந்துகொண்டு வரும் எமன். எங்கள் கிழட்டுக் குளிரூட்டும் எந்திரம் அந்தச் சூட்டுக்கு ஒரு நாள்கூட நிற்காது. அதனால் எனக்கிருந்தது ஒரே வழி: சாயங்காலம் கருக்கள் உறையைக் கிழித்து வந்ததும் கொஞ்ச நேரம் சூடு காட்டி எடுத்துவிடுவது. காவல் சேர்ந்துவிட்டால் அந்த வாரத்தைக் கடந்துவிடும்.

வேறொரு கடற்கரையின் முட்டைகளை வைத்து ஏப்ரலில் இதைச் செய்து பார்த்தபோது பக்கீசியோவும் பக்கத்திலேயே நின்றார். உறையை விட்டு வந்த குஞ்சுகள் மேலெல்லாம் பூமயிர் முளைத்துப் பம்பரமாகச் சுற்றுவதை நுண்நோக்கியில் பார்த்துவிட்டு, அன்றைக்கு மதுக்கடையில் எல்லோருக்கும் அதைச் சுற்றிக் காட்டி விழுந்தாராம்.

மதியத்துக்குச் சற்று முன் எந்திரம் இருமத் தொடங்கியது. பெல்ட் தேய்ந்திருந்தது. நகரத்துக்குப் போய் வாங்கி வந்தே தீர வேண்டும்.

“நீ போ. நான் பாத்துக்கறேன். என் பிள்ளைங்கதானே,” என்றார்.

“பாத்துக்கிட்டா போதும். கை வைக்காதீங்க.”

“போடி, வாத்தியாரம்மா.”

காற்று நாளைக்குக் காத்திருக்கவில்லை. பெல்ட் விற்கும் மடையன் அளவு சரியில்லாததைத் தலையில் கட்டப் பார்க்க, நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அது வந்துவிட்டது. திரும்பும்போது கார்க் கண்ணாடியெல்லாம் செம்மண் தூசி. ஆய்வுக்கூட வாசலில் பக்கீசியோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“முடிச்சுட்டேன்!”

“என்னத்தை?”

“சூடு காட்டி எடுத்துட்டேன். அன்னிக்கு நீ செஞ்ச மாதிரியே. அதே சூடு, அதே நேரம், அணுவளவு மாறலை. எந்திரம் படுத்துருச்சு ரிமேதியா, தண்ணி ஏறிக்கிட்டே போச்சு. இனியும் விட்டா வெந்துரும்னு பயந்துட்டேன்.”

“அதுக்குள்ள உறையை விட்டு வந்துடுச்சா?”

“பம்பரமா சுத்துதுங்க. நீயே பாரேன்.”

பார்த்தேன். சுற்றத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றி இழைபோல ஒரு வளையம் இருந்தது, இன்னும் கிழியாத உறை. கிழிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே கருவுக்குப் பூமயிர் முளைத்துவிடும், உறைக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிடும். விளக்கைக் குறைத்தால்தான் வளையம் தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மாணவர்களே வருஷா வருஷம் இதில் ஏமாறுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கிழித்திருக்கும்.

“எல்லாத்தையுமா சூடு காட்டினீங்க? ஒரு பாத்திரமாவது தனியா வெச்சீங்களா?”

எங்கள் தொழிலில் ஒரு பங்கை ஒன்றும் செய்யாமல் ஒதுக்கி வைப்போம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எவ்வளவு அவசரத்திலும் என் கை அதைத் தானாகச் செய்யும்.

“ஏன் வெக்கணும்? நாலு பிள்ளைக்குக் குடையைப் பிடிச்சுட்டு அஞ்சாவதை மட்டும் வெயில்ல நிறுத்தச் சொல்றியா?”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே, அத்தான்!”

“பண்ணினேன். விடாம பண்ணினேன். நீ எடுக்கலை.”

போன் காரிலேயே கிடந்தது. பெல்ட்டை மாட்டினேன், எந்திரத்தைப் போட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றிரண்டாவது தப்பும் என்று நினைத்துக்கொண்டேன். தப்பாது என்று தெரிந்தே நினைத்தேன்.

அவர் நுண்நோக்கியை விட்டு நகரவில்லை. அங்கிருந்தபடியே அக்காவுக்குப் போன் போட்டு, “அசுந்தா, நான் தாத்தா ஆயிட்டேன்டி! ஆயிரக்கணக்குல!” என்று கத்தினார். அக்கா மறுமுனையில் என்ன சொன்னாளோ, விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல் இருந்தது. அதே நேரம் காலில் விழுந்து அழலாம்போலவும் இருந்தது.

வெயில் சாயும்போது அவர் குரல் இறங்கியது.

“ரிமேதியா. இதுங்க சுத்தறது குறையுது.”

“ம்.”

“ஒண்ணு கலையுது. பாலில் ஊறின ரொட்டி மாதிரி பிய்யுது. இங்க இன்னொண்ணு.”

சொன்னேன். உறைக்குள் இருந்தபோது சூடு பட்டுவிட்டது, அந்த வயதில் அவற்றுக்குத் தாங்கிக்கொள்ளத் தெரியாது என்று சொன்னேன். அவர் நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ கொன்னது காத்து இல்ல. நான்தான் வேக வெச்சிருக்கேன்.”

“காத்தும் கொன்னிருக்கும், அத்தான்.”

“ஆறுதல் சொல்லாதே. உனக்கு அது வராது.”

மூலையில் பெரிய தொட்டியில் தாய் தகப்பன் முள்ளெலிகள் கிடந்தன. முட்கள் தொங்கிவிட்டன. பாதி உதிர்ந்து தொட்டியின் அடியில் கிடந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினேன், வாய் அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன்.

முள்ளெலி பிடிப்பவன் வாயில் உண்மை வராது என்பது எங்கள் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வடக்கே முங்கியதைத் தெற்கே என்பான். கூடை நிறைய எடுத்துவிட்டு இன்றைக்கு ஒன்றும் இல்லை என்பான். தன் பாறையில் எவ்வளவு இருக்கிறதென்று கட்டினவளிடமும் சொல்ல மாட்டான், பாவமன்னிப்புக் கூண்டிலும் சொல்ல மாட்டான். யார் கேட்டாலும் ஒரு பங்கை இடுக்கில் மறைத்துவிட்டு மீதியைத்தான் காட்டுவான். இந்தப் பொய்களோடு மாரடித்தே என் உத்தியோகக் காலம் பாதி போயிற்று. அவர் எதிரில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

“அத்தான், உண்மையைச் சொல்லுங்க. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன். குகையில எத்தனை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

அவர் மூலையிலிருந்த தொட்டியையே பார்த்தார்.

“ஒரு நாலு இருக்குமா? உள்ள, கை எட்டாத இடுக்குல? நீங்க எனக்குப் பொய்தான் சொல்லியிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?”

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பெரிய கைகளை முழங்காலில் வைத்துத் தேய்த்தார்.

“ஒதுக்கி வெச்சேன்தான். அஞ்சாறு. மேல வந்து கூடையைக் கட்டினப்போ உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. உன்கிட்டயாவது பொய் சொல்லக் கூடாதுன்னு திரும்ப முங்கிப் போய் அதையும் எடுத்துட்டு வந்துட்டேன்.”