ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது

சமையல் வேலை பார்க்கும் கேன்டீனில் அவளுக்குப் பெயர் கைமணத்தக்கா. வீட்டில் அண்ணி. தான் சமைத்ததை இதுவரை ஒருவரும் தட்டில் மிச்சம் வைத்ததில்லை என்று அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவள் பொறுப்பில் பத்தியச் சாப்பாட்டை விட்டது யார் குற்றம் என்று கேட்டால், எல்லாரையும்தான் கை காட்ட வேண்டும்.

பத்தியம் நாத்தனாருக்கு. தையல் கம்பெனியில் மிஷின் மிதித்து மிதித்து அவளுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்து போயிருந்தன. பெரியாஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்ய முறை வந்துவிட்டது. ஆனால் டாக்டர், எடை இறங்கினால்தான் கத்தியைத் தொடுவேன், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் அண்ணன் வீட்டுக்கு ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

"நீ ஒண்ணும் பயப்படாத. வயிறு நெறைய சாப்பிட்டுக்கிட்டே உன்னை எளைக்க வைக்கிறேன் பாரு," என்றாள் அண்ணி.

முதல் வாரம் சொன்னபடியே நடந்தாள். சந்தை கலையும் நேரத்துக்குப் போய், வாடத் தொடங்கிய கோஸும் சுரைக்காயும் பூசணிக் கீற்றும் மலிவாக வாங்கி வந்தாள். கைப்பிடிப் பருப்பில் கூடை காய்கறியைப் போட்டு வேகவைத்தாள். முதலில் ஒரு டம்ளர் சூப், அப்புறம் காய், ஒரு அவித்த முட்டை, கடைசியில் கொஞ்சம் சோறு. கண்டிப்பான சமையல், செலவும் குறைவு. நாத்தனார் பாதியிலேயே போதும் என்று தட்டை நகர்த்தினாள்.

அந்த மிச்சம்தான் அண்ணியைச் சுட்டது. அவள் கணவர் வேறு, சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணிய மாத்தி ஊத்திட்டியா?" என்று சிரித்தார். வெல்டிங் பட்டறையில் நாளெல்லாம் நெருப்போடு இருப்பவருக்கு வீட்டில்தான் வேடிக்கைப் பேச்சு வரும். அண்ணி சிரிக்கவில்லை.

மறுநாள் தனி வாணலியில் எண்ணெய் காய்ந்தது. வெங்காயமும் பூண்டும் பொன்னிறமாக முறுகியதும், வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துச் சேர்த்து, எல்லாவற்றையும் காயில் கொட்டிக் கிளறினாள். ஒரு கரண்டிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கேன்டீனில் பழகிய கைக்கு ஒரு கரண்டி என்பது ஒரு கரண்டியோடு நிற்காது.

அன்றைக்குத் தட்டு கழுவியதுபோல் காலியானது.

"அண்ணி, இதுவா பத்தியம்? ஆயுசு முழுக்கச் சாப்பிடலாம் போல இருக்கே," என்றாள் நாத்தனார். அந்த வார்த்தை அண்ணிக்குத் தேனாக இறங்கியது. எதிர்வீட்டு அம்மா செய்முறை கேட்டு வந்தபோது, முகம் கொஞ்சமும் மாறாமல், "எல்லாம் ஆவியில வேகறதுதான். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது," என்று சொல்லி அனுப்பினாள். அந்தம்மா தெருமுழுக்கப் பரப்பினாள்.

ஆஸ்பத்திரியில் எடை மெஷின் மட்டும் அண்ணியின் பேச்சைக் கேட்கவில்லை. முதல் வாரம் இறங்கிய எடை அடுத்த வாரம் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த வாரமும் இறங்கவில்லை.

கணவருக்குப் பொறுக்கவில்லை. "இவ இங்க மாடா உழைச்சு ஆக்கிப் போடறா. நீ திருட்டுத்தனமா எதையோ தின்னுக்கிட்டு இருக்க," என்று தங்கையின் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினார். தைலக் குப்பி, மாத்திரை, மடித்த இரண்டு ஜாக்கெட். நாத்தனார் ஜாக்கெட்டுகளைத் திரும்ப மடித்தாள். அண்ணி கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. நாளையிலிருந்து எண்ணெயை நிறுத்திவிடலாம், யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் வாணலியை எடுக்காமல் இருந்தும் பார்த்தாள். ருசி திடீரென்று மாறினால் கேட்பார்களே என்று பயம் வந்து, எடுத்துவிட்டாள். அன்று நாத்தனார் வழக்கத்தில் பாதிதான் போட்டுக்கொண்டாள். பசித்த முகத்தோடு எழுந்து போனாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் கூடப் போனாள். நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இப்படியே போனா டாக்டர் உங்க முறைய அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாரு. உண்மையச் சொல்லுங்க, வெளிய என்ன சாப்பிடறீங்க?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "வெளிய ஒண்ணும் சாப்பிடல மேடம். தூக்கத்துல எழுந்து தின்னுடறேன்னு நெனைக்கிறேன். எனக்கே தெரியல. அதான் இப்பல்லாம் கால கட்டிலோட சேத்துக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன்."

புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். வீங்கிய காலில், கணுக்கால் மேல், துணி இறுகிய தடம் சிவந்து கிடந்தது.

அண்ணி அந்தத் தடத்தைப் பார்த்தாள். தட்டில் மிச்சம் வைத்தாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தியைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்திருக்கிறாள். சாப்பாட்டில் குறை என்றால் கேன்டீனில் கரண்டியைக் கீழே போட்டுச் சண்டைக்கு நிற்பவள், இப்போது தானே நர்ஸின் முன்னால் வந்து நின்றாள்.

"அவ எதுவும் திங்கல," என்றாள். "நான்தான் எண்ணெய் ஊத்தினேன்."

"எவ்வளவு?" என்றாள் நர்ஸ்.

"மூணு கரண்டி. கடலைப் பொடி வேற." பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மொத வாரம் தட்டுல மிச்சம் வெச்சா. எனக்குப் பொறுக்கல."

நாத்தனார் அவளையே பார்த்தாள். "வயிறு நெறஞ்சுதான் அண்ணி மிச்சம் வெச்சேன்," என்றாள்.

நர்ஸ் யாரையும் திட்டவில்லை. முதல் வாரச் சமையலையே செய்யச் சொன்னாள், டாக்டரிடம் தானே பேசி இன்னும் கொஞ்சம் தவணை வாங்கித் தருவதாகச் சொன்னாள். திட்டியிருந்தால் அண்ணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தாள். இறங்கும்போது அண்ணி கை கொடுத்தாள். அவள் கம்பியைப் பிடித்து இறங்கினாள். தெருமுனையில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணி. நான் சொன்னா நம்பமாட்டாரு," என்றாள்.

வீட்டு வாசலில் கணவர் எதிர்வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டு நின்றார். தங்கையைக் கண்டதும், "என்ன, இந்த வாரமும் எடை இறங்கலையா? எலி வந்து தின்னுட்டுப் போச்சா?" என்றார். எதிர்வீட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

நாத்தனார் உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றாள். அண்ணி அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் போய் நின்று, அந்தம்மாவுக்கும் நன்றாகக் கேட்கும்படி, முதல் கரண்டியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.