முப்பது மீட்டர் வரி

பென்சிலின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சுபிதா அதைப் பார்த்தாள். மடியில் கிடந்த ஸ்லேட்டில் ஒரே எண் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை இருந்தது. இருபத்தைந்து மீட்டர், இருபத்தொன்பது நிமிடம். முப்பது மீட்டர், இருபத்தொன்பது நிமிடம். கடலுக்குள் ஆழம் கூடக்கூட அங்கே தங்கக்கூடிய நேரம் குறைய வேண்டும். கடலில் கால் நனைத்ததோடு சரி என்றாலும் அவளுக்கே அது தெரியும். மேல்வரியின் எண் கீழ்வரியிலும் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் முடிச்சை இறுக்கினாள். மிச்சக் கயிற்றை நறுக்கி, நுனி பிரியாமலிருக்க லைட்டர் தீயில் காட்டி உருக்கினாள். அதன் பிறகுதான் ஸ்லேட்டைத் தரையில் வைத்தாள். நெஞ்சு படபடக்கும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்புறமுள்ள அந்த வீட்டின் முன்னறையில் மூன்று வருடமாக இந்த வேலை நடக்கிறது. தண்ணீருக்கடியில் யாரும் பேச முடியாது, காகிதம் ஊறிவிடும். அதனால் சிலிண்டர் கட்டி முங்குகிறவர்கள் ஸ்லேட் எனப்படும் ஒரு வெள்ளை அக்ரிலிக் பலகையைக் கூடவே கொண்டு இறங்குகிறார்கள். ஒரு பக்கத்தில் எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் என்ற அட்டவணை. மறுபக்கம் எழுதிக்கொள்ள வெறுமை. பலகையை அளவுக்கு வெட்ட வேண்டும். பளபளப்பு போக வாட்டர் பேப்பர் எனும் ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் வழுக்கும். தக்கலையில் கொடுத்து அச்சடித்து, துளையிட்டு, பென்சில் கட்டி அனுப்ப வேண்டும். ஒருவர் மீன் படங்கள் வேண்டும் என்பார். இன்னொருவர், முகமூடிக்குள் கண்ணாடி போட முடியாது, எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்பார். அவரவர் கேட்டபடி அவள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டுவாள்.

எண்களைச் சரிபார்ப்பது அவள் கணவன் சுயம்புராஜ். அரபு நாட்டில், புஜைரா துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுத்தம் செய்கிற முங்காளியாக ஒன்பது வருடம் இருந்தவன். ஒருநாள் மேலே வந்து உடையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆழத்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு ரத்தத்தில் குமிழி கட்டுகிற நோயில், அவனுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வலது கால் மெல்லத் திரும்பி வந்தது. இடது கால் வரவில்லை. சுடுதண்ணீர் பட்டாலும் அந்தக் காலுக்குத் தெரியாது என்பதால் அவன் குளிக்கும் தண்ணீரைச் சுபிதாதான் தொட்டுப் பார்த்து வைக்கிறாள். ஆரம்பத்தில் அதைச் செய்யும்போது அழுகை வந்தது. எப்போது நின்றது என்று நினைவில்லை. அழுகையோடு வேறு சிலதும் நின்றிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்தேனா என்று தன்னையே கேட்டுக்கொள்கிற ஆளாகிவிட்டிருந்தாள்.

புதிதாக ஒரு கட்டம் கட்டினால் அச்சுக்குக் கொடுக்கும் முன் அவள் எண்களைக் கீழிருந்து மேலாக வாசிப்பாள். மேலிருந்து வாசித்தால் வாய் பழக்கத்தில் அடுத்த எண்ணைத் தானே சொல்லிவிடும். சுயம்புராஜ் கட்டிலில் சாய்ந்து தன் பயிற்சிப் புத்தகத்தில் அந்தந்த எண்ணைப் பார்த்து ‘ம்’ என்பான். மூன்று மாதத்துக்கு முன்னால் அட்டவணையைப் புதிதாக அமைத்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். அவள் வாசித்தாள். எல்லா எண்ணுக்கும் ‘ம்’ வந்தது.

ஸ்லேட்டோடு உள்ளே போனாள். அவன் கட்டிலில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முப்பது மீட்டருக்கு எத்தன நிமிசம்?”

“இருவது.”

“இதப் பாருங்க.”

அவன் வாங்கிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திருப்பிக் கொடுத்தான்.

“நான் வாசிச்சப்போ நீங்க புஸ்தகத்தப் பாத்தியளா?”

“புஸ்தகம் கையிலதான் இருந்துது.”

“அந்தப் பக்கத்தப் பாத்தியளான்னு கேக்கேன்.”

“இல்ல.”

வெளியே நாகர்கோவில் பக்கம் போகிற வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. அது கிளம்பிப் போனது.

“அன்னைக்கு நான் டேபிளப் பாத்துத்தான் எறங்கினேன் சுபி,” என்றான். “ஒரு நிமிசம் கூடுதலா இருக்கல. எல்லாம் செரியாத்தான் செஞ்சேன். செரியான டேபிளே என்னைய இப்பிடிக் கெடத்திப் போட்டுது. பெறவு அதுல செரி எது, தப்பு எதுன்னு பாத்து என்ன?”

“அதுக்காவ தப்பக் குடுத்து விடலாமா?”

“நான் ஒண்ணும் வேணும்னு செய்யல.”

“தெரியும்.”

அவளுக்கு உண்மையிலேயே தெரியும். கோபப்பட ஒரு இடம் தேடினாள். அவனிடம் கிடைக்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் எழுபத்துநான்கு ஸ்லேட்டுகள், ஆறு இடங்கள் என்று மட்டும் மனம் கணக்குச் சொன்னது. எங்கோ ஒருவன் முப்பது மீட்டர் ஆழத்தில் பலகையைப் பார்த்து, இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கிறது என்று நினைப்பான். மேலே வந்து உடையைக் கழற்றுவான். அவனுக்கும் குளிக்கிற தண்ணீரைத் தொட்டுப் பார்த்து வைக்க ஒருத்தி வேண்டியிருக்கும்.

முதலில் ஷைஜாவை அழைத்தாள். குளச்சல்காரப் பெண். அந்தமானில் முங்கக் கற்றுக்கொடுக்கிறாள். இருபது ஸ்லேட் அவளிடம்தான் இருந்தன. அவன் கேட்கட்டும் என்று சுபிதா கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கோ, நூறு வயசு ஒங்களுக்கு. கயிறு அறுந்து போச்சுன்னு சொல்ல இப்பந்தான் போன எடுத்தேன். சும்மா சொன்னேன் கேட்டியளா, ஒங்க முடிச்ச அவுக்க சுறாதான் வரணும்.”

“ஷைஜா, டேபிள் தப்பு. முப்பது மீட்டர் வரி. இருவதுக்குப் பதிலா இருவத்தொம்பதுன்னு வந்துட்டு.”

அந்தப் பக்கம் ஷைஜா யாரையோ ‘நில்லு’ என்றாள்.

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

“திங்கக்கெழம பத்துப் பேர முப்பதுக்கு எறக்கதுக்கு இருக்கேன். கையில வாச்சு மாதிரி கம்ப்யூட்டர் கட்டித்தான் எறங்குவாவ. ஆனா அது நின்னு போச்சுன்னா இதத்தான பாக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“எல்லாத்தயும் வாங்கி வச்சுட்டு எறக்கு. எனக்குத் திருப்பி அனுப்பு.”

“அண்ணன் பாத்துத்தான விடுவாரு? அண்ணனுக்க கண்ணு பட்டா தப்பே வராதுன்னுல்லா நான் எல்லாவனுட்டயும் சொல்லிட்டுத் திரியேன்.”

சுபிதா கணவனைப் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் மாற்றி அடித்துவிட்டேன், அண்ணனுக்கு அன்று காய்ச்சல், என்று சொல்ல வாயில் எல்லாம் தயாராக இருந்தது. இந்த மூன்று வருடத்தில் அவனுக்காக அப்படி எவ்வளவோ சொல்லியிருக்கிறாள்.

“அண்ணன் பாக்கல,” என்றாள்.

அவன் கண்ணை மூடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை.

“செரி அக்கா,” என்றாள் ஷைஜா. “இனி ஒங்ககிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லணும்னு வாயில வருது. கூப்பிட்டுச் சொன்ன ஆள்ட்ட எப்படிச் சொல்ல. ரெண்டு நாளு போட்டும், சொல்லுகேன்.”

மற்ற ஐந்தில் நான்கு இடங்களில் போனை எடுத்தார்கள். ஒருவர் திட்டினார். அவர் திட்டி முடிக்கும்வரை சுபிதா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஐந்தாவது மாலத்தீவு. பன்னிரண்டு ஸ்லேட். மணி அடிக்கவே இல்லை. அனுப்பிய செய்தியில் போய்ச் சேரவில்லை என்ற ஒற்றை டிக் குறி மட்டும் விழுந்து அப்படியே நின்றது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அவள் நாளுக்கு மூன்று முறை எடுத்துப் பார்த்தாள். இரவில் விழிப்பு வந்தால் அப்போதும் எடுத்துப் பார்த்தாள். தான் பயப்படுகிறோம் என்று பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு நாளில் அறுபத்திரண்டும் திரும்பி வந்தன. அச்சை அழித்துவிட்டால் பலகையை மறுபடி பயன்படுத்தலாம். அதைவிட, அந்த எண் எங்கேயும் மிச்சமிருக்கக் கூடாது என்று தோன்றியது. காலை பத்து மணி வெயிலில் வீட்டின் பின்பக்கம் துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, வாட்டர் பேப்பரோடு உட்கார்ந்தாள். பலகை தண்ணீரில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கையால் பிடித்து மறு கையால் தேய்த்தால் அழுத்தம் போதவில்லை. மூன்று பலகை தேய்ப்பதற்குள் தோள் கடுத்தது.

சுயம்புராஜ் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். இடது காலைக் கையால் தூக்கி வசமாக நீட்டி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

“மாலத்தீவுக்காரன் பாத்தானா?”

“இல்ல.”

“எனக்க கூட வேல செஞ்ச முத்துநாயகம் அங்கதான் கெடக்கான்.”

அவன் அந்தப் பெயரைச் சொல்லி மூன்று வருடமாகியிருந்தது. முத்துநாயகம் எத்தனையோ முறை அழைத்து, எடுக்கப்படாமல், ஒரு கட்டத்தில் அழைப்பதை விட்டுவிட்டான்.

“நம்பர் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கும். கூப்பிடுகேன்.” எழுந்து போகவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். “ஏன் இத்தன நாளு போன எடுக்கலன்னு கேப்பான். அதான். இந்த ஒண்ண முடிச்சுட்டுக் கூப்பிடுகேன்.”

பலகை ஒன்றை எடுத்து டப்பின் அடியில் படுக்க வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் விளிம்புகளை அழுத்திப் பிடித்தான். முழங்கைவரை தண்ணீர் வந்தது. அவள் தேய்க்கத் தொடங்கினாள். இப்போது பலகை அசையவில்லை. மையும் வெள்ளைத் துகளும் எழும்பி, தண்ணீர் அரிசி கழுவியதுபோலக் கலங்கிற்று. முதலில் எண்கள் மறைந்தன. பிறகு பலகையே தெரியவில்லை. பிறகு அவன் விரல்கள், மணிக்கட்டு. எதன்மேல் தேய்க்கிறோம் என்று தெரியாமலே அவள் தேய்த்தாள். தாளின் சொரசொரப்பு ஓரிடத்தில் பலகையைத் தாண்டி வேறெதிலோ உரசியது. அவள் கை நின்றது. அவன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைத் தண்ணீரில் சின்னதாக ஒரு குமிழி மேலே வந்து, உடையாமல், இருவர் முழங்கைகளுக்கும் நடுவே நின்றது.