மாமா அளந்த ஆகாயம்

டிராவல்ஸ் நடத்துகிறவனுக்கு எதிரி பக்கத்துக் கடையில் இருக்கமாட்டான், சொந்தத்தில்தான் இருப்பான். இவனுடைய எதிரி தாய்மாமன். அவர் இப்போது சுவரில் தொங்கிய உலகப் படத்தின் மேல் இஞ்ச் டேப்பை விரித்துக்கொண்டு நின்றார். தையல்காரர். கழுத்தில் டேப் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளுக்கு வெள்ளிக்கிழமை காலை பிரசவ ஆபரேஷன். அதற்குள் மாமா போய்ச் சேர வேண்டும். நிற்காமல் போகும் விமானம் பதினாறு மணி நேரத்தில், வியாழக்கிழமையே இறக்கிவிடும். அதில் ஒரே ஒரு சீட் பாக்கி. இவன் விரல் கம்ப்யூட்டரின் புக்கிங் பட்டனுக்கு மேலே காத்திருந்தது.

"இரு மாப்ளே. ப்ளேன் எந்த வழியா போகுதுன்னு காட்டு."

காட்டினான். அதுதான் இவன் செய்த தப்பு. திரையில் கோடு வில்லாக வளைந்து, வடக்கே பனிப் பிரதேசம் வரை ஏறி இறங்கியது.

"என்னடா இது, மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி சுத்துறான்? என் டேப் பாரு, நேரா போகுது. நடுவுல இந்த ஊரைத் தொடுது. அங்க இறங்கி மாறிப் போற ப்ளேன் இருக்குன்னியே, அதைப் போடு."

"மாமா, அது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் போய்ச் சேரும். தூரமும் ஜாஸ்தி."

"நேர்கோடு எப்படிடா ஜாஸ்தியாகும்? எனக்கே அளவு சொல்லித் தர்றியா?"

பூமி உருண்டை என்றான் இவன். "அது எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. இவனுக்குப் பொறுமை போய்விட்டது. டேப்பைப் பிடுங்கி, அவருடைய தொப்பையிலேயே பாடம் நடத்தினான்.

"இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்புக்கு, தொப்புள் வழியா எவ்வளவு?"

"இருபத்தி நாலு."

"கொஞ்சம் மேல ஏத்தி, தொப்பையைச் சுத்தி இறக்கினா?"

"இருபத்தி ரெண்டரை."

மாமா தன் வயிற்றையே வெகுநேரம் பார்த்தார். "அடப்பாவி, இந்த மேப்பு வெட்டிப் போட்ட துணி. பூமி தைச்சு முடிச்ச சட்டை. இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? சரி, மேல ஏறிப் போறதையே போடு."

இவன் ஓடிப்போய் உட்கார்ந்தான். சீட் போய்விட்டிருந்தது. பூமியின் வடிவத்தில் சந்தேகமே இல்லாத யாரோ ஒருவர் வாங்கிவிட்டார்.

"மாறிப் போறது மட்டும்தான் இருக்கு மாமா."

"அதுவா? அது சுத்து வழியாச்சேடா! எனக்கு வேண்டாம்."

இவன் வாயைத் திறந்தால் சொந்தம் முறிந்துவிடும். மாறிப் போவதையே பதிவு செய்துவிட்டான்.

மாமாவின் போன் அடித்தது. மகள்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, டிக்கெட் போட்டாச்சா?"

மாமா டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "போட்டாச்சும்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். ஆபரேஷன் நேரத்துல பக்கத்துல இருக்க முடியாது போல. உங்க அத்தை மகன் கொஞ்சம் லேட் பண்ணிட்டான்."

இவன் நெற்றியை மேசை மேல் வைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

"பரவாயில்லப்பா. நீங்க கூட இருந்திருந்தா, டாக்டர் போட்ட தையலைப் பிரிக்கச் சொல்லியிருப்பீங்க."