அடுப்பு ஒரு பக்கம், அண்டா ஒரு பக்கம்

பினாங்குப் பாலம் திறந்த மறு வருடம் எங்கள் டத்தோ கிராமாட் வட்டார உதவிச் சங்கம் மூன்றாவது முறையாக உடைந்தது. தலைவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்திலிருந்து வருவதா, துறைமுகத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வருவதா என்பதுதான் எப்போதும் சண்டை. யாழ்ப்பாணத்தார் பக்கம் அப்புத்துரை, துறைமுகத்தார் பக்கம் சுப்பையா. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் பரமநாதன் மட்டும் கவலைப்படவில்லை. ராஜ்யங்கள் உடைவதும் சேர்வதும் கடல் ஏறி வற்றுவது போலத்தான், நாம் சும்மா இருந்தால் போதும் என்றார்.

கல்யாணம், கருமாதி எதுவானாலும் சமையல் சாமான்களும் கூடாரமும் சங்கத்திலிருந்துதான் போகும். அவற்றைப் பங்குபோட இரு தரப்பும் நம்பியது பொருளாளர் கனகேஸ்வரியை. பாதிக்குப் பாதி பிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ அண்டாக்களை முழுக்கச் சுப்பையாவுக்கும் கேஸ் அடுப்புகளை முழுக்க அப்புத்துரைக்கும் கொடுத்தார். கூடாரத் துணி சுப்பையாவுக்கு, அதைத் தாங்கும் இரும்புக் கம்பங்கள் அப்புத்துரைக்கு. மற்றவன்தான் முதலில் வந்து கேட்பான் என்று நினைத்து இரு தலைவர்களும் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் மாட்டிக்கொண்டது நவமணி. சுப்பையா பக்கத்துக்காரர், கணவர் இல்லை. மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. பெரிய அண்டாவை வீட்டு அடுப்பில் ஏற்றினால் நடுவில் அரிசி கருகும், ஓரத்தில் வேகாது. அடி முழுவதும் நெருப்பு படர, பல வளையங்கள் கொண்ட சங்கத்து அடுப்புதான் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் வாடகைக்கு விடுபவர்களிடமும் அந்த முகூர்த்தத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. நவமணி சுப்பையாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவரை அழைத்துக்கொண்டு சுப்பையா அப்புத்துரையிடம் போனார்.

அப்புத்துரை பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அண்டாதான் இருக்கே. வெயில்ல வச்சு வேக வைங்க லா."

சுப்பையா திரும்பி நடக்கப் பார்த்தார். நவமணி நகரவில்லை.

"அண்ணே, அடுத்த மாசம் உங்க பேரனுக்குக் காதுகுத்து. அடுப்பு மேல எத வைப்பீங்க, பேப்பரையா?"

உள்ளேயிருந்து அப்புத்துரையின் மனைவி சிரித்துவிட்டார். அதற்குமேல் அப்புத்துரையால் முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, தர ஒப்புக்கொண்டார்.

அடுப்பும் கம்பங்களும் வந்தன, கூடவே அடுப்பைப் பற்றவைக்கத் தெரிந்தவர்களும் வந்தார்கள். கூடாரத்தில் ஒருவர் கம்பத்தை நிமிர்த்திப் பிடித்தால்தான் இன்னொருவர் துணியை இழுத்துக் கட்ட முடியும். பிடித்தவர் அப்புத்துரை ஆள், கட்டியவர் சுப்பையா ஆள். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலையா அது? "இன்னும் கொஞ்சம் இழு" என்று தொடங்கியவர்கள் மத்தியானம் ஒரே பொட்டலத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் தின்றார்கள்.

கல்யாணப் பந்தியில் பரமநாதன், சரித்திரம் தானாகவே திரும்பிவிட்டது என்று பக்கத்து இலைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பாயசம் ஊற்றிவந்த கனகேஸ்வரி நின்றார்.

"உடையறது வேணும்னா தானா வரும் சார். ஆளுக்கு ஒரு அடுப்பு, ஆளுக்கு ஒரு அண்டான்னு நான் குடுத்திருந்தா, இன்னைக்கு இங்க பாதிப்பேருதான் உக்காந்திருப்பீங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிரிக்கும்போதே சேர்வதற்கான வேலையை அந்த அம்மாள் முடித்திருக்கிறார். அப்படியொரு பங்கீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குள் நவமணி ஓடி வந்தார். ரெண்டு பக்கத்து ஆளும் வந்துட்டாங்க அக்கா, சோறு பத்தாது என்றார். முகத்தில் கவலையே இல்லை. முதல் பந்தி எழுவதற்குள், பின்கட்டில் அப்புத்துரை அடுப்பைப் பற்றவைக்க, சுப்பையா வேட்டியை மடித்துக்கட்டி அரிசி களைந்துகொண்டிருந்தார்.