ஒரே சேமிப்பில் ஒன்பதாயிரம் வரிகள்

இருந்தவர்கள்: நான். என் சித்தப்பா, அலுவலகம் அவருடையது. கறுப்புத்திரை அக்கா, உறவில்லை, அங்கே ஆறு வருடமாக நிரல் எழுதுபவர். இரண்டு எடிட்டர்கள், அதாவது நிரல் எழுதும் மென்பொருள்கள், அவற்றையும் ஆட்களாகவே சேர்த்துக்கொள்கிறேன்.

1

இது கதையாகப் பிறக்கவில்லை. இணையதளம் செய்துதரும் எங்கள் அலுவலகத்தின் வலைப்பக்கத்தில் போட, நிரல் எழுத எந்த எடிட்டர் சிறந்தது என்று சித்தப்பா ஒரு கட்டுரை கேட்டார். வேறொரு கம்பெனியின் இரவுப்பணியைப் பாதியில் விட்டு வந்தவனை வேறு எதற்கு வைத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை. முதல் வரி இது:

எடிட்டர் என்பது நிரலாளரின் இரண்டாவது

இரண்டாவது என்ன என்று தெரியாததால் அப்படியே நிற்கிறது.

2

எடிட்டர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதி வாசகர்கள் கதையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். (மீதிப் பாதி ஏற்கெனவே அந்தச் சண்டையில்தான் இருக்கிறார்கள்.)

ஒன்று அக்காவுடையது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மௌஸுக்கு வேலையில்லை. அதில் ஓர் எழுத்தைத் தட்டினேன். மூன்று வரிகள் மறைந்தன. கேட்டுவிட்டுத் தட்டும்படி சொல்லி, அக்கா அவற்றைத் திரும்ப வரவழைத்தார்.

மற்றது நான் புதிதாக இறக்கியது. சம்பந்தி வீட்டு உபசாரம். பாதிச் சொல் அடிப்பதற்குள் மீதியை நீட்டும். கேட்காமலே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும்.

அந்த ஒழுங்குதான் கதை.

3

[இங்கே அக்காவைப் பாவமானவராகக் காட்டும் ஒரு பத்தி இருந்தது. அவர் பாவம் இல்லை. நீக்கிவிட்டேன்.]

செவ்வாய்க்கிழமை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் பெரிய இணையதளத்தின் கோப்புகளைப் புது எடிட்டரில் திறந்து, மொத்தமாகச் சேமித்து, அலுவலகத்தின் நிரல் பதிவேட்டிலும் ஏற்றினேன். அது ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருந்த இடைவெளியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று பதிவேடு குறித்துவைக்கும். அக்கா ஆறு வருடம் எழுதிய ஒன்பதாயிரம் வரிகளும் என் பெயருக்கு வந்துவிட்டன. புதன்கிழமை கவனித்தேன். அப்புறம் சரிசெய்யலாம் என்று விட்டேன்.

வியாழக்கிழமை சித்தப்பா இருவரையும் கூப்பிட்டார். வேலை குறைந்துவிட்டது, ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், சொந்தம் பார்த்தேன் என்று நாளை ஒருவரும் சொல்லக்கூடாது, பதிவேட்டில் யார் பெயரில் வரிகள் அதிகமோ அவர் இருக்கட்டும் என்றார். நியாயமான மனிதர். எண்ணத் தெரியும், நிரலைப் படிக்கத்தான் தெரியாது.

எண்ணிவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

“ராத்திரி வேலைய விட்டுட்டு வந்தப்போ நீ உருப்படமாட்டேன்னு நெனச்சேன்டா.”

தோளில் தட்டினார். நான் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

4

வெள்ளிக்கிழமை காலை அக்கா திரையிலிருந்து திரும்பாமலே பேசினார்.

“இடைவெளி மாத்தினதக் கணக்குல சேக்காம எண்ணறதுக்குப் பதிவேட்டுல ஒரு கட்டளை இருக்கு தம்பி.”

“தெரியும்க்கா.”

“எப்பலேருந்து?”

“புதன்கிழமையிலேருந்து.”

“எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.”

ஏன் சித்தப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உன் பேருலதானே இருக்கு. நீ சொல்லு.”

5

நான் சித்தப்பாவின் அறைக்குப் போனதற்கு மூன்று வரைவுகள் இருக்கின்றன. முதலாவதில் மனசாட்சி உறுத்துகிறது. அதில் நான் ரொம்ப நல்லவன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதில், அக்கா சொல்வதற்குள் முந்திக்கொள்கிறேன். மூன்றாவதில், அந்தத் தளத்தில் நாளைக்கு எது உடைந்தாலும் ஒன்பதாயிரம் வரிகளுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் போகிறேன். எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில்லை.

போனதும் சொன்னதும் மட்டும் நிஜம். சித்தப்பா அந்தக் கட்டளையைப் போட்டு மறுபடியும் எண்ணினார். என் பெயரில் நாற்பத்தொரு வரிகள். அதில் பன்னிரண்டு வெற்று வரிகள்.

“இதையாவது நீதான் எழுதினியாடா?”

பையை எடுத்துக்கொண்டேன். சித்தப்பா போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்தார், மணி அடிக்காத போனில். வாசல் வரை வந்தது அக்காதான்.

“எந்த எடிட்டர் நல்லதுன்னு முடிவு பண்ணிட்டியா?”

“இல்லக்கா.”

“சரி, பாத்துப் போ.”

கதவைச் சாத்தினார். உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.